அத்தையின் மூட்டுவலியும் 40 சதவீதமும்

இந்த முறை ஊருக்குப் போனபோது, அத்தைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கித் தந்துவிட்டுத்தான் லண்டன் திரும்புவது என்று முடிவோடு இருந்தேன். அத்தைக்குப் பல வருடமாக முடக்குவாதம், அதாவது மூட்டுகளைத் தாக்கும் நோய். விரல்கள் கோணிவிட்டன, வலது முழங்கால் சரியாக மடங்காது. கும்பகோணம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார்.

2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. முடக்குவாதம் என்று அதில் தனியாக ஒரு வகை கிடையாது. அந்த நோயால் கை கால் எவ்வளவு செயலிழந்திருக்கிறது என்பதைத்தான் அளக்கிறார்கள். 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான உதவிகளுக்கு வழி. பிரிட்டனில் சமைக்க முடிகிறதா, சட்டை போட முடிகிறதா, அதையே திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். இங்கே மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்பதுதான் முதல் கேள்வி.

அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் கோணமானியை முழங்கால் பக்கத்தில் வைத்து மடக்கச் சொன்னார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்ததற்கு மேல் மடக்கினார். டாக்டர் சொன்னாரே, செய்யாமல் இருக்கலாமா என்கிற மரியாதை. வாழ்நாள் முழுக்க வலியை மறைத்தே பழகியவர் வேறு. டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். "அம்மா, கஷ்டப்படாதீங்க. வீட்ல எப்படி மடக்குவீங்களோ அவ்வளவு போதும்" என்றார். அந்த டாக்டருக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகும் முன் இதைச் சொல்லி வையுங்கள்: அங்கே தைரியம் காட்ட வேண்டாம். பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.

கோபம் வந்தது ஓர் இடத்தில்தான். படிவம் கொடுக்கும் கவுன்டர் மாடியில், லிப்ட் கிடையாது. நடக்க முடியாதவர்கள் வரும் இடமென்று தெரிந்தே இப்படி வைத்திருப்பது அநியாயம்.

சதவீதம் 50 என்று வந்தது. அடையாள அட்டை மஞ்சள் நிறம்; 80 அல்லது அதற்கு மேல் என்றால் நீலம்.

அப்புறம்தான் தெரிந்தது, சான்றிதழ் வந்தால் பணம் தானாக வராது. மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம் வருவாய்த் துறையுடையது. இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ விசாரித்து, தாலுகா அலுவலகத்துத் தனி வட்டாட்சியர் உத்தரவு போட வேண்டும். 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தருகிறது. கை கால் குறைபாட்டுக்கு அது 75 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்குத்தான், அத்தைக்குப் பொருந்தாது. இரண்டும் ஒன்றென நினைத்துத் தவறான அலுவலகத்தில் காத்துக் கிடப்பவர்கள் நிறையப் பேர். இந்த வித்தியாசத்தை ஒரு பலகையில் எழுதி வைத்தால் எத்தனை பேருடைய பஸ் காசு மிச்சமாகும்!

ஓய்வூதிய மனு போட்டாயிற்று, விஏஓ வீட்டுக்கு வந்து பார்த்தும் விட்டார். நான் கிளம்பும் வரை உத்தரவு வரவில்லை. விண்ணப்ப எண்ணைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். தாமதமானால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.