தனி யூசர் அக்கவுன்ட்டா, குரோம் புரொஃபைலா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. இருப்பது ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டர். காலையில் அண்ணன் சிட்டா, அடங்கல் எடுத்துக் கொடுப்பார். மாலையில் தம்பி கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பார். இருவருக்கும் செட்டிங்ஸைப் பிரிப்பது எப்படி?

குரோம் பிரவுசருக்குள் ஆளுக்கொரு புரொஃபைல் போடுவது சுலபம். புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஆளுக்கு ஆள் தனி. சம்பா பயிர்க் காப்பீட்டுக் கூட்டம் வாசலில் நிற்கும்போது ஒரே கிளிக்கில் மாறிக்கொள்ளலாம். ஆனால் அது வெறும் தட்டி மறைப்புதான், பூட்டுக் கிடையாது: அதே கிளிக்கில் தம்பியும் அண்ணன் புரொஃபைலுக்குள் போய்விடலாம். பிரவுசருக்கு வெளியே எதையும் அது பிரிக்காது.

விண்டோஸிலேயே ஆளுக்கொரு யூசர் அக்கவுன்ட் போட்டால் டெஸ்க்டாப், டீஃபால்ட் பிரிண்டர், கீபோர்டு எல்லாமே தனி. தமிழ் டைப்பிங்கில் இது பெரிய நிம்மதி. அண்ணனுக்குத் தமிழ்99 கீபோர்டு, தம்பிக்கு ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் ஃபோனெடிக். ஒருவர் மாற்றிவைத்ததை மற்றவர் திட்டிக்கொண்டே திருத்த வேண்டியதில்லை. எல்லாருக்கும் என்று இன்ஸ்டால் செய்த மென்பொருள் ஒன்றுதான். அதன் செட்டிங்ஸ் மட்டும் அவரவர் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரில் உட்காரும். அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்காரர் அடுத்தவர் யூசர் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலைத் திறக்க முடியாது. அட்மின் திறக்கலாம், அது வேறு கதை.

4 ஜிபி ரேம் மெஷினில் ‘ஸ்விட்ச் யூசர்’ கொடுத்தால் முதல் ஆள் திறந்த புரோகிராம்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், மெஷின் திணறும். சைன் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

பேங்க், ஆதார் வேலை நடக்கும் கடைக்கு என் ஓட்டு யூசர் அக்கவுன்ட்டுக்கே. வீட்டில் படம் பார்க்கப் புரொஃபைல் போதும்.