பவர் மீட்டரை எடைக்கல் தொங்கவிட்டுச் சோதித்தேன்: மூன்று வருட அனுபவம்

ஆடி மாதம் கோவையிலிருந்து பல்லடம் பக்கம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முதுகைத் தள்ளும்போது மணிக்கு 38 கிலோமீட்டர் தானாக வரும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும், 21-ஐத் தாண்டவே மூச்சு வாங்கும். வேகத்தை வைத்து நம் உழைப்பைக் கணக்கிட இங்கே வழியே இல்லை. அதற்காகத்தான் மிதிக்கும் உழைப்பை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் வாங்கினேன். போகும்போது 160 வாட், வரும்போது 195 வாட் என்று திரையில் பார்த்த நாளில் பெரிய நிம்மதி. அந்த எண் சரிதானா என்ற கேள்வி ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது.

முதலில் வாங்கியது இடது கிராங்கில், அதாவது பெடல் மாட்டியிருக்கும் இடது தண்டில், மட்டும் அளக்கும் மீட்டர். மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் அந்த வளைவை உணர்கிறது. அதிலிருந்து முறுக்கு விசையைக் கண்டுபிடித்து, மிதிக்கும் வேகத்தோடு பெருக்கினால் வாட். இடது கால் கணக்கை இரண்டால் பெருக்கி மொத்தம் என்று காட்டிவிடும். வலது கால் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது.

இரண்டாம் வருடம் இரு பக்கமும் அளக்கும் பெடல் மீட்டர் வாங்கினேன். பழைய கிராங்கைக் கழற்றவில்லை. இரண்டு சைக்கிள் கம்ப்யூட்டர்களை ஹேண்டில்பாரில் மாட்டி, ஒன்றில் கிராங்க், இன்னொன்றில் பெடல் என்று பதிவு செய்தேன். அந்த ஒரு மாதத்தில் கற்றது அதற்கு முந்தைய வருடம் முழுக்கக் கற்றதைவிட அதிகம்.

பெடல் வந்த முதல் வாரம் வலது பக்கம் குறைவாகக் காட்டியது. சரியாக இறுக்காததுதான் காரணம். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கூட வந்த தாளில் சொன்ன அளவுக்கு இறுக்கி, நாலைந்து முறை எழுந்து நின்று முழு பலத்தோடு மிதித்த பிறகு நிலைத்தது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆப்பில் கிராங்க் நீளம் 172.5 மில்லிமீட்டர் என்று இருந்தது. என்னுடையது 170. பெடல் மீட்டர் விசையை அந்த நீளத்தோடு பெருக்கித்தான் கணக்குப் போடுகிறது. ஆகவே ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. மாற்ற அரை நிமிடம்தான் ஆனது.

அப்புறம் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் மலைப்பாதை பவர் மீட்டருக்குக் கடுமையான பரீட்சை. கீழே புழுக்கம், மேலே போகப் போகக் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும், இந்த ஏற்றமோ ஆயிரத்து நானூறு மீட்டருக்கும் மேல். உலோகம் சுருங்கச் சுருங்க ஸ்ட்ரெயின் கேஜின் பூஜ்ஜியமும், அதாவது மிதிக்காதபோது அது காட்டும் அளவும், நகரும். புதிய மீட்டர்கள் பல இதைத் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. என் பழைய கிராங்கால் அது முழுதாக முடியவில்லை.

கீழே இரண்டுக்கும் ஜீரோ செட் செய்துவிட்டு, அதாவது அந்தப் பூஜ்ஜியத்தைப் புதிதாகப் பதியவைத்துவிட்டுக் கிளம்பினேன். இடது பெடலின் எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்த்தால், 200 வாட் மிதிக்கும்போது கிராங்க் 5 வாட் கூடக் காட்டியது. கோத்தகிரி நெருங்கும்போது வித்தியாசம் 13. டீக்கடை ஓரம் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஜீரோ செட் செய்து கோடநாடு சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். வித்தியாசம் மறுபடி 5-க்கு வந்தது. எட்டு வாட் வெறும் குளிரால் வந்த பிழை. மலை ஏறும் எல்லோரையும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: நடுவில் ஒருமுறையாவது நிறுத்தி ஜீரோ செட் செய்யுங்கள். சைக்கிள் நேராக நிற்க வேண்டும், கிராங்க் செங்குத்தாக இருக்க வேண்டும், பெடலில் கால் இருக்கக் கூடாது. ஏசி காரில் சைக்கிளைக் கொண்டுபோனால் இறக்கியவுடன் செய்யாதீர்கள், வெளிச் சூட்டுக்குப் பழக ஒரு கால் மணி நேரம் கொடுங்கள்.

சரி, மிச்சமிருக்கும் அந்த 5 வாட்? எது சொல்வது உண்மை? இரண்டு மீட்டர்களை ஒப்பிட்டால் வித்தியாசம்தான் தெரியும், விடை தெரியாது. அப்போதுதான் காங்கேயத்தில் கொப்பரை வியாபாரம் செய்யும் பெரிய மாமா ஞாபகம் வந்தார். அவரிடம் 20 கிலோ எடைக்கல் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும், “முத்திரை போட்ட கல்லுங்க மாப்ள, இதுல பிசகு வந்தா யாவாரமே நடக்காது” என்று எடுத்துக் கொடுத்தார். நான் கட்டப் போகும்போது, “கயித்தையும் நிறுத்துக்கோணும்ல?” என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை. கயிறு 200 கிராம்.

கிராங்கைத் தரைக்கு இணையாக முன்னால் நீட்டி, பின் பிரேக்கை இறுகப் பிடித்து, பெடல் அச்சில் கல்லைத் தொங்கவிட்டோம். 20.2 கிலோ, 9.8 என்ற ஈர்ப்பு முடுக்கம், 0.17 மீட்டர் நீளம், மூன்றையும் பெருக்கினால் 33.65 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். கிராங்க் 34.45 காட்டியது. ஐந்து முறை மாட்டிக் கழற்றியும் அதே அளவுதான். 2.4 சதவீதம் அதிகம், 200 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 5 வாட். பெடல் ஆப் எடையையே நேரடியாகக் காட்டும்: இடது 20.3, வலது 20.1. அன்றைக்கு மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் திருப்பிப் பார்த்தேன்.

ஏனென்றால், அதைவிடப் பெரிய பிழை வேறொன்று இருந்தது. என் கால்கள் சமமில்லை. சாதாரணமாக இடது 48, வலது 52 சதவீதம். உண்மையில் 200 வாட் மிதித்தால் இடது காலில் 96, இரண்டால் பெருக்கினால் 192, கிராங்கின் கூடுதல் 2.4 சதவீதம் சேர்ந்து 197. இரண்டு பிழையும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டதால் எண் நியாயமாகவே தெரிந்தது. ஆனால் களைத்துப்போனால் என் இடது கால் 46-க்கு இறங்கிவிடுகிறது. அதே 200 வாட் அப்போது 188 ஆகிறது. முதல் வருடம் முழுக்க ஏற்றத்தின் கடைசியில் தளர்ந்துபோகிறேன் என்று நினைத்துப் பயிற்சியையே மாற்றியிருந்தேன். நான் தளரவில்லை. வேலை வலது காலுக்குப் போயிருந்தது.

எடைக்கல் கிடைக்காதவர்களுக்கு மலை இருக்கிறது. செங்குத்தான, காற்றில்லாத இடத்தில், உங்கள் எடையும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 80 கிலோ, மணிக்கு 800 மீட்டர் உயரம் என்ற கணக்கில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். ஈர்ப்பை எதிர்க்க மட்டும் 174 வாட் ஆகும். டயர் உரசல், காற்று, செயின் இழப்பு எல்லாம் சேர்த்தால் 200-ஐ ஒட்டி வர வேண்டும். உங்கள் மீட்டர் 230 என்றால் ஏதோ சரியில்லை. துல்லியமான சோதனை இல்லைதான், ஆனால் பெரிய கோளாறைப் பிடித்துவிடும்.

ஐப்பசி மழையில் வீட்டுக்குள், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னரில் ஓட்டும்போது பெடலைவிட அது ஐந்தாறு வாட் குறைவாகக் காட்டுகிறது. இதைச் சரிசெய்யப் போகாதீர்கள். பெடல் அளப்பது செயினுக்கு முன்னால், டிரெய்னர் அளப்பது செயினுக்குப் பின்னால். செயின் தின்றுவிடும் வாட் எங்காவது கழிய வேண்டுமல்லவா?

மூன்று வருடத்தில் பேட்டரி மூடியின் உள்ளே ஒருமுறை துரு பிடித்தது, மழை நாளுக்குப் பிறகு திறந்து துடைக்காததால். வேறு பெரிய செலவு இல்லை. கிராங்க் மீட்டர் இப்போது பழைய சைக்கிளில் இருக்கிறது. அதன் ஆப்பில் திருத்த விகிதம் போட வசதி இருந்ததால் 0.977 என்று வைத்திருக்கிறேன். பெடலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காங்கேயம் கொண்டுபோகிறேன். கடைசியாகப் பார்த்தபோது இடது பக்கம் அதே 20.3-தான் காட்டியது.