வாய்க்கால் வரைபடமும் தூங்கிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டும்

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன் தூர்வாரும் வேலை நடக்கிற ஏப்ரலும் மேயும்தான் எனக்கு அறுவடைக் காலம். நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்துப் பாசனதாரர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வாய்க்கால் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். புலப்படத்தை, அதாவது சர்வே எண் வாரியான நில அளவைப் படத்தை, ஸ்கேன் செய்து செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துவேன். எந்த ‘பி’ வாய்க்காலிலிருந்து எந்த ‘சி’ வாய்க்கால் பிரிகிறது, மதகு எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் வாய்க்கால் வரப்பாகச் சுருங்கிவிட்டது என்றெல்லாம் குறித்துக் கொடுக்க வேண்டும்.

இந்த வேலைக்கென்று 2021-இல் கும்பகோணத்தில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். திரையில் படம் வரைவதற்கென்றே அதில் ஒரு தனி கிராபிக்ஸ் கார்டு: என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. அந்தக் கார்டுக்காகவே பதினைந்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். தயாரிப்பாளரின் பெயர் இங்கே வேண்டாம்.

முதல் வாரமே வயிற்றெரிச்சல். கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்தால் பூமி உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம். நான் வரைபடம் போடும் மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் முப்பரிமாணக் காட்சியைத் திருப்பினால் சேற்றில் மாட்டிய டிராக்டர்போல விட்டு விட்டு நகர்ந்தது. கார்டே பழுது என்று முடிவுகட்டி, கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். கடைக்காரர் ஒரு கார் பந்தய விளையாட்டை ஓட்டிக் காட்டினார். வெண்ணெய்போல ஓடியது. பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன்.

விடை, எந்த மென்பொருள் எதில் ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் இருந்தது. அதில் ‘ஜிபியு என்ஜின்’ (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்) என்ற பத்தியை வரவழைத்துப் பார்த்தபோது, க்யூஜிஐஎஸ் ஓடுவது ஜிபியு 0-இல், அதாவது பிராசஸரோடு சேர்ந்து வரும் சின்னக் கார்டில். காசு கொடுத்து வாங்கிய ஜிபியு 1 அசையாமல் கிடந்தது. 2010-இல் என்விடியா கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாட்டின் வழி இது. பேட்டரியை மிச்சம்பிடிக்க, கனமான வேலை என்று தெரிந்தால் மட்டும் பெரிய கார்டை எழுப்பும். விளையாட்டு வந்தால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. என் வாய்க்கால் வரைபடம் அதன் கண்ணுக்குக் கனமாகப் படவில்லை.

விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்று போய், மென்பொருளைச் சேர்த்து, ‘ஹை பர்ஃபார்மன்ஸ்’ என்று குறிக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வதுதான். நானும் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. இதில் மட்டும் இரண்டு நாள் போயிற்று. நான் சேர்த்தது க்யூஜிஐஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு கோப்பை. உண்மையில் ஓடுவது ‘பின்’ என்ற கோப்புறையில் இருக்கும் ‘க்யூஜிஐஎஸ்-பின்’ என்ற கோப்பு. நீண்டகாலப் பதிப்பு என்றால் பெயரில் ‘எல்டிஆர்’ சேரும். அதைச் சேர்த்து, என்விடியா கண்ட்ரோல் பேனலிலும் அதே கோப்பைக் குறித்த பிறகு ஜிபியு 1 கண் விழித்தது. புதிய பதிப்பைத் தனியாக நிறுவும்போது அது வேறு கோப்புறையில் போய் உட்காரும். பழைய குறிப்பு அதற்குச் செல்லாது. வருடத்துக்கு ஒரு முறை நான் இதை மறந்துவிட்டு, ஒரு நாள் திட்டிவிட்டு, பிறகு நினைவுக்கு வந்து சரிசெய்கிறேன்.

கறுப்புச் சதுரம் வேறு நோய். மடிக்கணினித் தயாரிப்பாளர் தளத்தில் வைத்திருந்த டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பழையது. சிப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி, ‘கிளீன் இன்ஸ்டால்’ கொடுத்தேன். சின்னக் கார்டின் டிரைவரையும் விட்டுவிடாமல் புதுப்பித்தேன். மடிக்கணினித் திரைக்குப் படம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது. அதற்குள் அவசர வேலை ஒன்று வந்தபோது கைகொடுத்தது, எர்த் ப்ரோவின் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், த்ரீடி வியூ பக்கத்தில் படம் வரையும் முறையை ஓப்பன்ஜிஎல்லுக்குப் பதில் டைரக்ட்எக்ஸ் என்று மாற்றியது. ஹெல்ப் மெனுவில் இருக்கும் ரிப்பேர் டூலிலும் இதைச் செய்யலாம்.

அடுத்த மே மாதம் வேறு விதமாகப் படுத்தியது. மதியம் இரண்டு மணிக்குக் காட்சி திணறும், இரவு பத்து மணிக்குச் சரியாகிவிடும். டிரைவரை மூன்று முறை மாற்றினேன். கடைசியில் மன்னார்குடியில் பழுதுபார்ப்பவர் அடிமூடியைக் கழற்றி, விசிறிக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை உமித்தூசியையும் வைக்கோல் துணுக்குகளையும் எடுத்து மேசையில் வைத்தார். “சார், இது கார்டு கோளாறு இல்லை, களத்துக் கோளாறு” என்றார். அறுவடை நடக்கும்போது வயலோரத்தில் கணினியைத் திறந்துவைத்தது நான்தான். சூடேறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இப்போது தாளடி அறுவடை முடிந்ததும் ஒரு முறை துப்புரவு.

பேட்டரியில் ஓடும்போதும் கார்டு பாதி உறக்கம்தான். மதகுக் கட்டையில் உட்கார்ந்து முப்பரிமாணம் காட்டி அசத்தலாம் என்ற ஆசையை விட்டுவிட்டேன்.

வாங்கும்போது யாராவது சொல்லியிருக்கலாம் என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. க்யூஜிஐஎஸ்ஸின் சாதாரணத் தட்டை வரைபடத்தை வரைவது பிராசஸர்தான். கிராபிக்ஸ் கார்டுக்கு அதில் வேலையே இல்லை. 2018-இல் 3.0 பதிப்போடு வந்த முப்பரிமாணக் காட்சிக்குத்தான் கார்டு வேண்டும். கணக்கு வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் ஓப்பன்சிஎல்லை நாமாக இயக்கிவைத்தால் சரிவு, மலைநிழல் போன்ற கணக்குகளுக்கும் உதவும். என் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு தட்டை வரைபடம். அது ஊர்ந்ததற்குக் காரணம், கோப்புகளைப் பழைய யுஎஸ்பி வட்டில் வைத்திருந்ததும், எது எங்கே இருக்கிறது என்று மென்பொருள் சட்டென்று தேட உதவும் இடக் குறியீட்டு அட்டவணையை (ஸ்பேஷியல் இண்டெக்ஸ்) அவற்றுக்குப் போடாததும். கோப்புகளை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ராமை 16 ஜிபி ஆக்கிய அன்று கிடைத்த வேகத்தை இந்தக் கார்டு ஒரு நாளும் தந்ததில்லை.

போதாக்குறைக்கு நம் ஊர் தட்டை. கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரைக்கும் மொத்த இறக்கம் முப்பது மீட்டர்கூட வராது. எர்த் ப்ரோவில் உயரத்தை அதிகபட்சமான 3 மடங்குக்கு ஏற்றினாலும் பாய் விரித்தாற்போலத்தான் தெரியும். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைக் க்யூஜிஐஎஸ்ஸில் இன்னும் பெருக்கிக் காட்டினால், தென்னந்தோப்புகள் குன்றுகளாக எழும்பி நிற்கின்றன. ரேடார் பார்த்தது தரையை அல்ல, மரத்தை. அந்தக் ‘குன்றை’ நம்பி வாய்க்கால் மட்டம் குறித்தால் கடைமடைக்காரர் நம்மை விடமாட்டார். மட்டத்துக்கு இன்றும் லெவல் கருவியும் அளவுகோலும்தான்.

ஆனாலும் கூட்டத்தில் பெரிய திரையில் வெண்ணாற்றின் மேல் பறந்து காட்டும்போது பின்வரிசைப் பெரியவர்கள்கூட எழுந்து வந்து தங்கள் ஊரைத் தேடுவார்கள். அதற்காகத்தான் இந்தக் கணினியை இன்னும் விற்கவில்லை.

திருவாரூரில் இதே தொழில் செய்யும் நண்பர் சென்ற மாதம் புதுக் கணினி வாங்கினார். கார்டுக்கான பணத்தை ராமில் போடுங்கள் என்றேன், அப்படியே செய்தார். திரையில் பறந்து காட்ட வேண்டிய நாளில் என்னுடையதை வாங்கிக்கொண்டு போனார். கணினி திரும்பி வந்துவிட்டது, அடாப்டர் இன்னும் வரவில்லை. கார்டு மறுபடியும் பாதி உறக்கத்தில் இருக்கிறது.