மலாக்காவா, ஜார்ஜ் டவுனா? தம்பதியாகப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரைப் பார்த்து முடித்து, கையில் இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது எல்லாருக்கும் வருகிற கேள்வி இது. மலாக்காவா, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனா? இரண்டுமே மலாக்கா நீரிணையின் பழைய துறைமுகங்கள். 2008இல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதனால் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் போதும் என்பார்கள். நானும் என் கணவரும் இரண்டுக்கும் போய் வந்தோம். அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

மலாக்கா முதல் அரைமணி நேரத்திலேயே தன்னைக் காட்டிவிடும். டச்சுச் சதுக்கத்தில் எல்லாமே செங்காவி நிறம். டச்சுக்காரர்கள் கட்டிய ஸ்டாட்ஹுயிஸ் என்ற நகர மண்டபம், 1753இல் முடிந்த கிறிஸ்து தேவாலயம், பின்னால் குன்று. ஏறி இறங்கினால் போர்த்துகீசியர் கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாசல். ஒரு காலத்தில் கடல் அதன் பக்கத்தில் இருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது நடுவில் கட்டடங்கள். வாசலில் நின்றுகொண்டு "கடல் எங்கே?" என்று அவர் தேடியது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஜார்ஜ் டவுனுக்கு ரயிலில் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து படகில் ஏறினோம். கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால் ஊர் தண்ணீருக்கு மேலே மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்த்துக்கொண்டே இறங்குவது வேறு அனுபவம். இறங்கியதும் "வா, திரும்பப் போய் இன்னொரு தடவை வரலாம்" என்றார் கணவர். கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் சீனக் குலத்தார் கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய மரத்துறைகள். குலத்துக்கு ஒரு துறை. பலகை இடுக்கில் கீழே தண்ணீர் தெரியும். குடும்பங்கள் இன்றும் அங்கே வசிக்கின்றன. குரலைத் தாழ்த்தி நடங்கள்.

மூன்று சக்கர ரிக்‌ஷா இரண்டு ஊரிலும் உண்டு. மலாக்காவில் ஓட்டுநர் பக்கவாட்டில் இருப்பார். வண்டி முழுக்கப் பொம்மையும் விளக்கும், கூடவே சத்தமாகப் பாட்டு. ஜார்ஜ் டவுனில் அவர் பின்னால் மிதிப்பார், உங்களுக்கு முன்னால் தெரு மட்டும்தான். இருவரும் பேசிக்கொண்டே போக வேண்டுமானால் இதில் ஏறுங்கள்.

ராத்திரி விஷயத்தில் மலாக்காதான் மேல். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஜோங்கர் தெருவில் சந்தை கூடும். கூட்டம் சலித்தால் இரண்டு எட்டில் ஆற்றங்கரை. விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழ, வெகுநேரம் நடந்தோம். அவருக்கு மலாக்கா பிடித்துப்போனது அதனால்தான்.

எனக்கு மனசில் தங்கியது வேறு. ஜார்ஜ் டவுனில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா என்ற அவர்களின் பழைய பெயரைச் சுமக்கும் சூலியா தெரு எல்லாம் நடக்கிற தூரம்தான். நாசி கண்டார் என்ற சோறு, முன்பு காவடியில் தூக்கி வந்து விற்றது. கறிக்குழம்பைச் சோற்றில் கலந்து ஊற்றும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மலாக்காவில் தமிழ் ஒளிந்திருக்கிறது. பொற்கொல்லர் தெருவில் ஒரு விநாயகர் கோயில், 1781இல் மலாக்கா செட்டிகள் கட்டியது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூரில் மணமுடித்துத் தங்கிய தமிழரின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். மொழி போனாலும் பிள்ளையாரை விடவில்லை. அந்த வாசலில் எனக்குத் தொண்டை அடைத்தது. மலாக்கா போகிற தமிழர்கள் பலர் இதைப் பார்க்காமலே திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே ராத்திரி, அதுவும் வார இறுதி என்றால் மலாக்கா போங்கள். கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். இரண்டு ராத்திரி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், ஜார்ஜ் டவுன். முதல் மாலையில் அது வெறும் பழைய கடைவீடுகளாகத்தான் தெரியும். மறுநாள் காலை, கடைகள் திறக்குமுன் ஐந்தடி நடையில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையில், இருவராக நடந்து பாருங்கள். அவசரப்பட்டு டாக்சியில் பாலத்தின் வழியே மட்டும் போய்விடாதீர்கள். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகு ஏறுங்கள்.