ஒகேனக்கல் பரிசல்: கன அடி பார்த்துக் கிளம்புங்கள்

ஒகேனக்கல்லுக்கு இரண்டு தடவை போனேன், பரிசல் ஏறியது ஒரு தடவைதான். முதல் தடவை 2024 ஆடியில். தருமபுரியிலிருந்து 46 கி.மீ. தானே என்று கிளம்பி, பென்னாகரம் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்து, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தால் அருவிக்குப் போகும் வழியையே அடைத்து வைத்திருந்தார்கள். கர்நாடகத்தில் கபினி, கே.ஆர்.எஸ். அணைகள் நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர், வரத்து விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரம். தப்பு எங்களுடையதுதான், பேப்பரில் தினமும் போடுகிறார்கள், பார்க்காமல் கிளம்பியிருந்தோம்.

அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்குப் போக லீவு எப்போது என்று பார்ப்பதைவிட பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற கணக்கு அது. வரத்து ஏறினால் முதலில் பரிசலை நிறுத்துவார்கள், அப்புறம் குளிக்கவும் தடை. அருவி மட்டும் பார்த்தால் போதும் என்றால் தண்ணீர் ஓரளவு கூடுதலாக வரும் நாளில் போகலாம். பாறைகளுக்கு நடுவே பரிசலில் போக வேண்டுமென்றால் தண்ணீர் அடங்கியிருக்கும் நாள்தான் சரி. இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இரண்டாம் தடவை பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை, காலை எட்டரைக்கே துறையில் இருந்தோம். கூட்டமே இல்லை. கவுண்டரில் பணம் கட்டி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினோம். மூங்கில் பிளாச்சால் பின்னிய பெரிய கூடைதான் பரிசல், அந்தக் காலத்தில் அடியில் தோல் கட்டுவார்களாம், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் எந்தப் பக்கம் இழுக்கிறாரோ அதுதான் முன்பக்கம். நடுவில் ஓரிடத்தில் எங்களை இறக்கிவிட்டுப் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை மேல் நடந்தார், நாங்கள் செருப்பு வழுக்க வழுக்கப் பின்னாலேயே போனோம்.

அதற்குப் பிறகு வருகிற அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நிற்கிறது, அடுக்கடுக்காக, தண்ணீர் அரித்த கோடுகளோடு. அருவிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, துடுப்புச் சத்தம் மட்டும் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. ஹொகே என்றால் கன்னடத்தில் புகை. அருவி விழும் இடத்தில் எழும்புகிற சாரலைப் பார்த்தால் பெயர் எப்படி வந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இன்னொரு பரிசலில் சிப்ஸும் கூல்டிரிங்க்ஸும் விற்றுக்கொண்டு வருகிறார்கள், ஆற்று நடுவில் பெட்டிக்கடை! விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அந்த உழைப்புக்குப் பேரம் பேச மனம் வரவில்லை.

ஒரு நட்சத்திரம் குறைந்ததற்குக் காரணம் இருக்கிறது. கவுண்டரில் கட்டிய பிறகும் நடு ஆற்றில், "இன்னும் உள்ளே போகணும்னா தனியா பார்த்துக் குடுங்க சார்" என்று ஆரம்பித்தார் எங்கள் பரிசல்காரர். கொடுத்தோம், வேறென்ன செய்வது. ஏறுவதற்கு முன்பே எதுவரை போவார், எவ்வளவு நேரம் என்று பேசிவிடுங்கள். பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிக் காட்டுவார்கள், பெரியவர்கள் இருந்தால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

எண்ணெய் மசாஜ் நான் செய்துகொள்ளவில்லை, செய்துகொண்ட மச்சான் மூன்று நாள் தோள் வலி என்றார். மாற்றுத் துணியும் சில்லறையும் கையில் இருக்கட்டும். மீனை மட்டும் பரிசல் ஏறுவதற்கு முன்பே வாங்கி, அங்கே சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், இறங்கி வரும்போது குழம்பும் வறுவலும் சுடச்சுட இருக்கும். நாங்கள் இறங்கிய பிறகு கொடுத்துவிட்டு, பசியோடும் ஈரத் துணியோடும் ஒன்றரை மணி நேரம் குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தோம்.