ரவுட்டர் சந்தா: கட்டலாமா, விடலாமா?

புது ரவுட்டரைப் பொருத்தி முடித்த கையோடு அதன் செயலி சந்தா கேட்கும். நெட்கியரில் 'ஆர்மர்', 'ஸ்மார்ட் பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' என்ற இரண்டு, டிபி-லிங்கில் 'ஹோம்ஷீல்டு ப்ரோ' எனப் பெயர்தான் வேறு. சரக்கு ஏறக்குறைய ஒன்றே: ஆபத்தான தளங்களைத் தடுப்பது, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, பயன்பாட்டு அறிக்கை. உள்ளறையில் சிக்னல் எட்டவில்லை என்றால் அதற்குச் சந்தா மருந்தல்ல.

என் சாய்வு சந்தா இல்லாத பக்கம். இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பு வழியாக வருவதால், ரவுட்டரின் கண்ணுக்குப் படுவது தளத்தின் பெயர்தான். உள்ளே என்ன ஓடுகிறது என்பது தெரியாது. பெயரை வைத்துத் தடுக்க, தளப் பெயருக்கான இணைய முகவரியைத் தேடித் தரும் சேவையான டிஎன்எஸ்ஸில் இலவசமானதே போதும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரிகளாகக் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 இரண்டையும் கொடுத்தால் தீநிரல் (மால்வேர்) தளங்களும் ஆபாசத் தளங்களும் அடைபடும்.

பலர் கோட்டைவிடுவது இரண்டாவது முகவரியில். அங்கே இப்படி வடிகட்டாத கூகுளின் 8.8.8.8 இருந்தால் சாதனங்கள் அதையும் கேட்கும். வடிகட்டி ஓட்டைப் பானைதான். புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 இயங்கினால் அதற்கும் 2606:4700:4700::1113 எனத் தனியே கொடுக்க வேண்டும். போனில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' வேறொன்றாக இருந்தாலும், இணைப்பை மறைத்து வேறு சர்வர் வழியே அனுப்பும் விபிஎன் போட்டாலும் இந்தத் தடுப்பு செல்லாது. விபிஎன்னுக்குள் போவது சந்தா வடிகட்டிக்கும் தெரியாது.

சந்தா ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: ஆளுக்கொரு விதி. டிஎன்எஸ் வீட்டுக்கே ஒரே சட்டம். மகனின் டேப்லெட்டில் மட்டும் சில வகைத் தளங்கள் கூடாது, யார் எதைத் திறந்தார்கள் என்ற பட்டியலும் வேண்டும் என்றால் கட்டலாம். நேரக் கட்டுப்பாடு மட்டும் போதுமென்றால் முதலில் இலவச அமைப்புகளைப் பாருங்கள், பல மாடல்களில் அது சும்மாவே கிடைக்கும். எப்படியானாலும் அந்த டேப்லெட்டின் வைஃபை அமைப்பில் மாறும் மேக் முகவரியை (ரவுட்டர் சாதனத்தை அடையாளம் காணும் எண்) அணைத்துவிடுங்கள். இல்லையேல் ரவுட்டர் அதைப் புதுச் சாதனமாக எண்ணி விதியைத் தளர்த்திவிடக்கூடும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரின் உள்மென்பொருள். 2018இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 5 லட்சம் சாதனங்களில் புகுந்திருந்தது, பெரும்பாலும் ரவுட்டர்கள். தாக்கப்பட்ட மாடல்களில் பலவற்றில் முன்பே தெரிந்த ஓட்டைகளோ, மாற்றாமல் விட்ட ஆரம்பக் கடவுச்சொல்லோதான் இருந்தன. இந்த ஓட்டைகளை அடைப்பது ஃபர்ம்வேர் புதுப்பிப்பு; அதற்குப் பொதுவாகச் சந்தா தேவையில்லை. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள், நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், தொலைநிலை நிர்வாகத்தையும், சாதனங்கள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் எனும் இணைய வாசலைத் திறக்கவிடும் யுபிஎன்பியையும் அணையுங்கள். யுபிஎன்பியை அணைத்தபின் சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடித்தால், அதற்குரிய போர்ட்டை மட்டும் கையால் திறந்துவிடலாம்.

சந்தாவைப் புதுப்பிக்கும் முன் உங்கள் மாடலுக்குக் கடைசியாக ஃபர்ம்வேர் வந்த தேதியைப் பாருங்கள். தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பெட்டி என்றால், அந்தப் பணம் புது ரவுட்டருக்குப் போகட்டும்.