ரெக்வயர்மென்ட்ஸ் சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கிலோ சப்போர்ட்டிலோ இருந்துகொண்டு பிசினஸ் அனலிஸ்ட் (வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, டெவலப்பருக்கு எழுதிக் கொடுப்பவர்) ஆகப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிக் கேட்டு எழுதும் தேவைகளைத்தான் ரெக்வயர்மென்ட்ஸ் என்பார்கள். காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையம், "ரெக்வயர்மென்ட்ஸ் இன்ஜினியரிங், ஜெர்மன் சர்டிபிகேட்" என்று சொல்லி, ஜி.எஸ்.டி. சேர்த்து என்னிடம் 44,840 ரூபாய் வாங்கியது. கடைசியில் கொடுத்தது அவர்களே அச்சடித்த ஒரு தாள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு ஈ.ஆர்.பி. (இருப்பு, கணக்கு எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்) எழுதும் சின்ன ஆபீஸில். எங்கள் வேலையில் கோடிங் தப்பாகிக் கெட்டதைவிட, என்ன வேண்டும் என்று ஒழுங்காகக் கேட்காமல் கெட்டதுதான் அதிகம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் துணி இருப்புக் கணக்கு செய்து கொடுத்தோம். சாயப்பட்டறைக்கு அனுப்பிய எடையும் திரும்பி வரும் எடையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று டெவலப்பர் எடுத்துக்கொண்டார். சாயம் ஏறி, காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சுருக்கும் வேலை) முடிந்து வரும்போது பிராசஸ் லாஸ் என்று கொஞ்சம் எடை போகும் என்பது திருப்பூரில் டீ கொண்டுபோகும் பையனுக்கும் தெரியும். முதல் மாதமே இருப்பு உதைத்தது. "ஏனுங்ணா, முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்று ஸ்டோர் இன்சார்ஜிடம் கேட்டால், "நீங்க கேக்கவே இல்லியே கண்ணு" என்கிறார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாடிக்கையாளர் தேவைகளை வகை பிரிக்க ஜப்பானியரான நொரியாகி கானோ 1984-இல் முன்வைத்த மாடலில் இதற்கென்றே ஒரு வகை உண்டு: இல்லாமல் இருக்குமா என்று நினைத்து வாடிக்கையாளர் வாய்திறந்து சொல்லாத தேவைகள். பேட்டி எடுத்தால் வராது; போய் நின்று வேலையைப் பார்த்தால்தான் பிடிபடும். இந்த மாதிரி விஷயங்களை முறையாகப் படிக்கத்தான் கோவைக்குப் போனேன்.

சேரும்போது கவுன்சலிங் செய்த பெண் சொன்னது: "ட்ரெய்னிங், எக்ஸாம், சர்டிபிகேட் மூணுமே நம்மளுதுங்க்கா. நீங்க எங்கயும் அலையவே வேண்டாமுங்க." போலி என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஜெர்மன் சர்டிபிகேட் என்று இவர்கள் சொல்வது ஐ.ஆர்.இ.பி. (IREB) என்ற அமைப்பின் சி.பி.ஆர்.இ. (CPRE) சான்றிதழை. 2006-இல் ஜெர்மனியில் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு அது. பாடத்திட்டத்தையும் தேர்வு விதிகளையும் வகுப்பதோடு அதன் வேலை முடிந்தது. தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவது அதனிடம் உரிமம் வாங்கிய சான்றளிப்பு நிறுவனங்கள். வகுப்பு எடுப்பவர்கள் தனி. சொல்லிக் கொடுத்தவரே மார்க்கும் போடக்கூடாது என்றுதான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பயிற்சி நிலையம் உங்களுக்காகத் தேர்வுக்குப் பதிவு செய்து தரலாம், அது சரிதான். ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவர்களாக இருக்க முடியாது.

இன்னொன்று, அந்தச் சான்றிதழின் முதல் படியான பவுண்டேஷன் நிலைக்கு வகுப்பே கட்டாயமில்லை. பாடத்திட்டம், கையேடு, கலைச்சொல் தொகுப்பு, மாதிரித் தேர்வு எல்லாமே ஐ.ஆர்.இ.பி. தளத்தில் இலவசம். வீட்டில் உட்கார்ந்து படித்து, தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டி எழுதலாம். எங்களுக்கு "ஸ்பெஷல் மெட்டீரியல்" என்று ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தந்தது இந்த இலவசப் பாடத்திட்டத்தின் ஜெராக்ஸ். அட்டை மட்டும் அவர்களுடையது. அதுவும் பழசு, 2020-இல் பாடத்திட்டத்தை 3.0 என்று திருத்தி எழுதிவிட்டார்கள், எங்கள் கையில் இருந்தது அதற்கு முந்தையது.

வகுப்பு எடுத்தவர் நல்ல மனிதர்தான். ஜிராவில் (டீமின் வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் சாஃப்ட்வேர்) டிக்கெட் போடுவது, போர்டு நகர்த்துவது எல்லாம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் இந்தப் பாடம் அவருக்குத் தெரியாது. பாடத்திட்டம் தேவைகளைச் செயல்பாடு, தரம், கட்டுப்பாடு என்று மூன்றாகப் பிரிக்கிறது. "ரிப்போர்ட் சீக்கிரம் திறக்கணும்" என்பது தரம்; "ஏற்கெனவே இருக்கிற சர்வரிலேயே ஓடணும்" என்பது கட்டுப்பாடு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, "எல்லாம் நான்-ஃபங்ஷனல்தானுங்க மேடம், ரொம்பப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார், செயல்பாடு அல்லாதது எல்லாம் ஒன்றுதான் என்பதுபோல. அப்புறம் மறுபடி ஜிரா.

தேர்வு எப்படி நடந்தது என்றால், கூகுள் ஃபார்ம் ஒன்று அனுப்பினார்கள். அதற்கு முந்தைய நாளே விடைகள் வாட்ஸாப் குரூப்பில் வந்துவிட்டன. உண்மையான பவுண்டேஷன் தேர்வில் 75 நிமிடத்தில் 45 கேள்விகள், தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். ஒரே கேள்வியில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வகையும் உண்டு. மேற்பார்வை இல்லாமல் யாரும் எழுத முடியாது.

எங்கள் தாளில் தங்க முத்திரை, க்யூ.ஆர். கோடு எல்லாம் இருந்தது. "இரண்டு வருடம் செல்லும், புதுப்பிக்க 6,000 ரூபாய்" என்று அடியில் ஒரு வரி வேறு. சி.பி.ஆர்.இ. பவுண்டேஷன் சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது. சரவணம்பட்டியில் ஓர் இன்டர்வியூவில், எதிரே இருந்தவர் அந்தக் கோடை ஸ்கேன் செய்தார். பயிற்சி நிலையத்தின் சொந்தப் பக்கம் திறந்தது. "சான்றளிப்பு நிறுவனம் யாருங்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எங்கள் பேட்சில் பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி வந்தான், கல்லூரி கடைசி வருடம். அவனிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு சி.பி.ஏ.பி. (CBAP) சான்றிதழும் தருகிறோம் என்றிருக்கிறார்கள். அது கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.ஐ.பி.ஏ. (IIBA) என்ற வேறு அமைப்பின் சான்றிதழ். விண்ணப்பிக்கவே 7,500 மணி நேரம் பிசினஸ் அனலிஸ்ட் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் பையனிடம் இதை விற்றதுதான் எனக்கு என் பணத்தைவிட எரிச்சல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் "ஃபீஸ் ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். 38,000-க்கு 18 சதவீதம் என்று 6,840 ரூபாய் ஜி.எஸ்.டி. வாங்கினீர்களே, ரசீதில் ஜி.எஸ்.டி. எண் எங்கே என்று கேட்டதும் பேச்சு இறங்கியது. 15 இலக்க எண் அது, தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும், ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ரசீது வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்தேன். அதன் பிறகு நிலையத்தின் மேலாளரே கூப்பிட்டு, கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது என்று எனக்குச் சட்டம் சொன்னார். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் பற்றிய பேச்சு அது. 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தந்த தீர்ப்பிலேயே, கோச்சிங் நிலையங்கள் அந்த விலக்கில் வராது என்று இருக்கிறது. அதைச் சொன்னதும் பாதிப் பணம் தருகிறேன், எங்கும் எதுவும் எழுத மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போடவில்லை.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே நிலையத்தில் படித்தவர்கள் ரசீது, வாட்ஸாப் குரூப் ஸ்கிரீன்ஷாட், அந்தத் தாளின் நகல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். குரூப்பை அவர்கள் கலைத்துவிடும் முன் ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள். பெருந்துறைத் தம்பியும் நானும் சேர்ந்தே மனுப் போடுகிறோம்.